19 மணி நேரம்: நம்ம சங்கத்து குரூப்புக்குள்ள வந்த ஏபிகே

ஏபிகே-ங்கறது ஆண்ட்ராய்டு போன்ல ஆப்பை ஏத்தற ஃபைல், அப்படி வந்த ஒரு போலி ஆப் எங்க ஆளுங்க காசை எடுத்த கதை இது. இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு வாரமா யோசிச்சேன், கடைசியில பணம் போன அக்காகிட்டயே போய் கேட்டேன். "என் பேரைப் போடாத, ஊரு பேரைப் போடாத, மத்தபடி எல்லாத்தையும் எழுது பாப்பா, இன்னொருத்திக்கு இது நடக்கக் கூடாது"ன்னு சொன்னாங்க. அதனால எழுதறேன். யார் பேரும் இருக்காது, பேங்க் பேரும் இருக்காது, நடந்தது மட்டும் இருக்கும்.

நான் இருக்கறது குரோம்பேட்டைல. அப்பா உத்திரமேரூர் பக்கத்துல சின்ன விவசாயி, அங்க இருக்கற விவசாயிகள் சங்கத்துல உறுப்பினர். சங்கத்து அரிசி, வேர்க்கடலை, காய்கறி எல்லாம் சனிக்கிழமை வேன்ல தாம்பரம் வரும், இங்க ரெண்டு மூணு அபார்ட்மெண்ட்ல விக்கிற வேலையை நானும் இன்னும் நாலு உறுப்பினர்களோட பசங்களும் பார்த்துக்கறோம். அதுக்காக ஆரம்பிச்சதுதான் வாட்ஸ்அப் குரூப், இப்போ 138 பேர். பாதிப் பேர் ஊர்ல, மீதிப் பேர் அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், வேளச்சேரின்னு வேலைக்கு வந்துட்ட பசங்க. நான் அதுல அட்மின். இது முக்கியம், ஏன்னா நான் பண்ணின ஒரு தப்பு இந்தக் கதைக்கு நடுவுல வருது.

ஆவணி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. விவசாயிகளுக்கு மத்திய அரசு தர்ற பிஎம் கிசான் தவணை எப்ப வரும்னு எல்லாரும் எதிர்பார்த்துட்டு இருந்த நேரம். வருஷத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூணு தவணை, 2019-லேர்ந்து வருது. இந்த ரெண்டாயிரத்தைப் பெருசா நினைக்காதவங்களுக்கு புரியாது, ஒரு ஏக்கரா வெச்சிருக்கறவங்களுக்கு அது உரத்துக்கு ஆகுற காசு. தவணை ஒரு வாரம் தள்ளிப் போனாலே "உனக்கு வந்துச்சா, எனக்கு வரல"ன்னு குரூப்ல பேச்சு ஓடிட்டே இருக்கும். ஏமாத்தறவனுக்கு இது நல்லா தெரியும், அவன் வந்ததே சரியா அந்த வாரம்தான்.

காலைல 10:40-க்கு நம்ம பொருளாளர் அண்ணாவுக்கு தெரியாத நம்பர்லேர்ந்து ஒரு மெசேஜ். டிபி-ல அசோகச் சக்கரம். "உங்கள் தனித்துவ அடையாள எண் இணைக்கப்படவில்லை, இன்று மாலை 5 மணிக்குள் கேஒய்சி முடிக்காவிட்டால் பயனாளி பட்டியலில் இருந்து பெயர் நீக்கப்படும்", கீழ ஒரு ஃபைல், பேரு பிஎம் கிசான்னு ஆரம்பிச்சு ஏபிகே-ன்னு முடியுது. இதை நம்பினதுக்கு அவரை நான் குறை சொல்ல மாட்டேன். 2025 ஆரம்பத்துலேர்ந்து விவசாயிகளுக்கு அடையாள எண் குடுக்கறோம்னு ஊர் ஊரா நிஜமாவே கேம்ப் போட்டாங்க, அது இல்லன்னா தவணை நின்னுடும்னு நிஜமாவே சொன்னாங்க. உண்மையான அறிவிப்பு மாதிரியே இருந்துச்சு பொய் அறிவிப்பு. இன்னொன்னும் இருக்கு. 2020-ல கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கமெல்லாம் தகுதி இல்லாதவங்களை இந்தத் திட்டத்துல சேர்த்து 110 கோடி வரைக்கும் போயிடுச்சுன்னு சிபிசிஐடி விசாரணை நடந்துச்சு, போட்ட பணத்தைத் திரும்ப எடுத்தாங்க. அதுலேர்ந்து "பேர் நீக்கப்படும்"ங்கற வார்த்தையைக் கேட்டாலே தப்பே பண்ணாதவங்களுக்கும் வயித்தக் கலக்குது.

அண்ணா அதைத் தொட்டார். இந்த ஆப் ஆபத்தா இருக்கலாம்னு போன் ஒரு தடவை சொன்னுச்சாம், "எல்லாத்துக்கும் அப்படித்தான் கேக்கும்"னு ஓகே குடுத்துட்டார். எஸ்எம்எஸ் பார்க்கலாமான்னு கேட்டுச்சு, ஓகே. கான்டாக்ட்ஸ் பார்க்கலாமா, ஓகே. உள்ள பிரதமர் படம் போட்டு ஒரு பக்கம், பேரு, ஆதார், போன் நம்பர், அப்புறம் "சரிபார்ப்புக்கு 1 ரூபாய்"னு ஏடிஎம் கார்டு நம்பர். எல்லாத்தையும் போட்டார். கொஞ்ச நேரம் சுத்திட்டே இருந்துச்சு, அப்புறம் ஆப்பே காணோம். சரி முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சு கழனிக்குப் போயிட்டார்.

ஆப் காணாமப் போகல, ஐகானை மட்டும் மறைச்சிட்டு உள்ளயே உக்காந்திருந்துச்சு. அந்த போனுக்கு வர்ற ஒவ்வொரு எஸ்எம்எஸ்-உம் அந்த ஏமாத்தறவனுக்குப் போயிட்டு இருந்துச்சு. இதைத்தான் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க, "நான் யாருக்கும் ஓடிபி சொல்லலையே"ங்கறாங்க. சொல்லவே வேணாம், எஸ்எம்எஸ் பார்க்கற அனுமதியைக் குடுத்தாச்சுன்னா ஓடிபி வரும்போதே அவனும் படிக்கறான். கார்டு நம்பர் கையில இருக்கு, ஓடிபி தானா வருது, அப்புறம் என்ன வேணும். அவர் கணக்குல இருந்த 6,200 மொதல்ல போச்சு. அப்புறம் அவரோட வாட்ஸ்அப்பை இன்னொரு போன்ல போட்டான், அதுக்கு வர்ற ஆறு இலக்க நம்பரும் எஸ்எம்எஸ்-லதானே வருது. 11:50-க்கு அண்ணாவோட வாட்ஸ்அப் வெளிய தள்ளிடுச்சு, அவர் டேட்டா தீர்ந்து போச்சுன்னு நினைச்சுட்டார்.

12:05. நம்ம சங்கத்து குரூப்ல, நம்ம பொருளாளர் நம்பர்லேர்ந்து, அதே மெசேஜ், அதே ஃபைல்.

தெரியாத நம்பர்லேர்ந்து வர்றதைத் தொடாதீங்கன்னு நாங்க பத்து தடவை சொல்லியிருக்கோம். இது தெரிஞ்ச நம்பர். பத்து வருஷமா சங்கத்துக் கணக்கை ஒத்தப் பைசா குறையாம எழுதற மனுஷன் நம்பர். அவர் அனுப்பினா யார் சந்தேகப்படுவாங்க?

அந்த அக்காவும் படல. அவங்க மகளிர் சுய உதவிக் குழுவுலயும் இருக்காங்க, திங்கக்கிழமைதான் குழு லோன் 50,000 கணக்குல ஏறியிருந்துச்சு, கறவை மாடு வாங்க. மாடு கூட பார்த்து வெச்சாச்சு, முன்பணம் கொஞ்சம் எடுத்துக் குடுத்தது போக, முன்னாடி இருந்ததும் சேர்த்து 48,211 ரூபாய் இருந்துச்சு. மதியம் சாப்பிட்டுட்டு 12:30-க்கு போனைப் பார்த்திருக்காங்க, பொண்ணு காலேஜ் போயிருந்துச்சு, தானே எல்லாத்தையும் நிரப்பிட்டு போனைச் சார்ஜ்ல போட்டுட்டாங்க. 12:52-க்கு 24,900. 12:54-க்கு 19,999. 12:59-க்கு 3,000.

இதே நேரத்துல சென்னைல இன்னொன்னு நடந்துச்சு. அம்பத்தூர்ல ஒரு கம்பெனில வேலை பார்க்கற தம்பி, நம்ம உறுப்பினரோட பையன். 1:10-க்கு அண்ணா நம்பர்லேர்ந்து அவனுக்குத் தனியா மெசேஜ்: "தம்பி அவசரம், ஆஸ்பத்திரில இருக்கேன், யூபிஐ லிமிட் முடிஞ்சிடுச்சு, இந்த நம்பருக்கு 15,000 போடு, சாயந்திரம் தர்றேன்". 1:14-க்குப் போட்டுட்டான். போட்டுட்டு மனசு கேக்காம, யாருக்கு உடம்பு சரியில்லன்னு கேக்க 1:25-க்கு வாட்ஸ்அப்ல இல்லாம சாதா கால்ல அண்ணாவைக் கூப்பிட்டிருக்கான். அவர் வரப்புல நின்னுட்டு "நான் எங்கப்பா கேட்டேன்"ங்கறார்.

பையன் உடனே 1930-க்கு அடிச்சான், இந்த மாதிரி ஆன்லைன்ல பணம் போனா புகார் சொல்ற சைபர் கிரைம் நம்பர். மொதல் ரெண்டு தடவை லைன் கிடைக்கல, மூணாவது தடவை 1:40-க்கு எடுத்தாங்க. தமிழ்லதான் பேசினாங்க. கேட்டது இவ்வளவுதான்: எந்த பேங்க், கணக்கு நம்பர், எவ்வளவு, எத்தனை மணிக்கு, யூபிஐ பரிவர்த்தனையோட அந்த 12 இலக்க நம்பர், பணம் போன யூபிஐ ஐடி, அவன் போன் நம்பர். எல்லாம் அவன் போன்லயே இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல புகார் எண் எஸ்எம்எஸ்ஸா வந்துச்சு, சாயந்திரம் தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல மீதி விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட்டையும் போட்டு முடிச்சான். அந்த 15,000-ல 3,500 அதுக்குள்ள வேற கணக்குக்குத் தாண்டியிருந்துச்சு, மீதி 11,500-ஐ அங்கயே நிறுத்திட்டாங்க. காசு போனது 1:14, போன் கிடைச்சது 1:40. அந்த 26 நிமிஷம்தான் அவனோட 11,500.

இப்போ என் தப்பு. 1:45-க்கு தம்பி எனக்குப் போன் பண்ணினான். நான் ஆபீஸ்ல இருந்தேன். உடனே அண்ணா நம்பரை குரூப்லேர்ந்து எடுத்தேன், அட்மினுக்கு மத்தவங்க மெசேஜையும் அழிக்கற வசதி இருக்கு, அந்த ஃபைலை அழிச்சேன், அது வரைக்கும் சரி. அப்புறம் ஒரு வாய்ஸ் நோட் போட்டேன். கோவத்துல போட்டேன். "எத்தனை தடவை சொல்லியாச்சு, யாராவது லூசுத்தனமா அதை இன்ஸ்டால் பண்ணி வெக்காதீங்க, படிச்சவங்க படிக்காதவங்கன்னு இல்ல, கொஞ்சமாவது யோசிங்க". 22 செகண்ட். கீழ பத்து பன்னெண்டு பேர் கை கும்பிட்டும் தலையில அடிச்சுக்கற பொம்மையும் போட்டாங்க.

2:15-க்கு அக்கா ஊர்ல பேங்க் மித்ரா கிட்ட, அதாவது ஊருக்குள்ளயே பேங்க் வேலை பார்க்கற ஏஜென்ட் கிட்ட, பணம் எடுக்கப் போயிருக்காங்க. ரேகை வெச்சா 312 ரூபாய்தான் இருக்குன்னு காட்டுது. அப்படியே உக்காந்துட்டாங்க. அப்புறம் வீட்டுக்கு வந்து போனை எடுத்து குரூப்பைப் பார்த்தாங்க, என் வாய்ஸ் நோட் இருந்துச்சு. கேட்டாங்க. "நீ லூசுன்னு சொன்னது என்னையத்தான்னு தெரிஞ்சுது, அதுக்கப்புறம் எப்படிப் பாப்பா உனக்குப் போன் பண்றது"ன்னு பின்னாடி சொன்னாங்க. அதைச் சொல்லும்போது அவங்க என் மேல கோவப்படக் கூட இல்ல.

ராத்திரி பூரா தூங்கல, வீட்டுக்காரர்கிட்ட சொல்லல, குழுவுல சொன்னா மாசத் தவணை எப்படிக் கட்டுவன்னு கேப்பாங்க, பொண்ணுகிட்ட சொன்னா அது படிப்பை விட்டுடும்னு பயம். மறுநாள் காலைல 9:30-க்கு பக்கத்து வீட்டு அம்மா இவங்க முகத்தைப் பார்த்துட்டு துருவிக் கேட்டு, அப்புறம்தான் வெளிய வந்துச்சு. மதியம் 2:15-லேர்ந்து காலை 9:30 வரைக்கும். பத்தொன்பதே கால் மணி நேரம்.

அந்த மூணு தொகையும் எங்க போச்சுன்னு பின்னாடி ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பார்த்தோம். 24,900-க்கு கிஃப்ட் வவுச்சர், 3,000-க்கு ரீசார்ஜ், இது ரெண்டும் வாங்கின உடனே காலி. ஆனா 19,999 ஒரு ஆன்லைன் கடையில போட்ட ஆர்டர். புகார் குடுத்ததுக்கு வந்த பதில், அந்தப் பொருள் மறுநாள் காலை 8 மணிக்கு டெலிவரி ஆயிடுச்சுன்னு. செவ்வாய் மதியமே, ஏன் ராத்திரி சொல்லியிருந்தா கூட, அந்த ஆர்டரை நிறுத்திப் பார்க்க ஒரு வழி இருந்திருக்கும். அது போனது ஏபிகே-வால மட்டும் இல்ல, அந்த 22 செகண்டாலயும்தான்னு எனக்குத் தோணுது, இதை நான் இன்னும் மனசுல வெச்சுட்டுத்தான் இருக்கேன்.

எச்சரிக்கைங்கற பேர்ல நாம போடறது எல்லாமே இன்னும் மாட்டாதவங்களுக்காகத்தான் இருக்கு. அதைக் கேக்கறவங்கள்ல ஒருத்தர் ஏற்கனவே மாட்டியிருப்பார்னு நான் நினைக்கவே இல்ல. இப்போ குரூப்ல என்ன வந்தாலும் மொதல் வரி இப்படித்தான் போடறோம்: "யாராவது இதைத் தொட்டிருந்தா பரவாயில்ல, யாரும் எதுவும் கேக்க மாட்டோம், இந்த நிமிஷமே கூப்பிடுங்க", கீழ மூணு பேர் நம்பர், அதுல ரெண்டு பேர் பெண்கள். தொடாதீங்கங்கறது ரெண்டாவது வரிதான்.

அடுத்த தப்பும் சொல்லிடறேன், இது அக்காவோட அண்ணன் பையன் நல்ல மனசோட பண்ணினது. விஷயம் தெரிஞ்ச உடனே போனை வாங்கி மொத்தமா ரீசெட் அடிச்சுட்டான். ஆபத்து போச்சு, ஆனா கூடவே அந்த ஃபைல், வந்த எஸ்எம்எஸ், எல்லாமே போச்சு. புகார்ல அதெல்லாம் கேட்டாங்க. முறை என்னன்னா, மொதல்ல ஏரோப்ளேன் மோட் போட்டு நெட்டைத் துண்டிங்க, அப்போ ஓடிபி அங்க போகாது. இன்னொரு போன்லேர்ந்து பேங்குக்கும் 1930-க்கும் கூப்பிடுங்க. அப்புறம் அந்த மெசேஜ், ஃபைல் பேர், பணம் போன எஸ்எம்எஸ் எல்லாத்தையும் இன்னொரு போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அதுக்கு அப்புறம்தான் ஆப்பை எடுக்கறதும் ரீசெட்டும். செட்டிங்ஸ்ல ஆப்ஸ் லிஸ்ட்டுக்குப் போனா ஐகானை மறைச்ச ஆப்பும் அங்க பேரோட நிக்கும்.

பேங்க் விஷயம் நீளமா சொல்லணும், ஏன்னா இங்கதான் நம்ம ஜனங்க பாதில விட்டுட்டு வந்துடறாங்க. புதன்கிழமை மதியம் நான் லீவு போட்டுட்டு தாம்பரத்துலேர்ந்து பஸ் ஏறி ஊருக்குப் போனேன், அக்காவைக் கூட்டிட்டு கிளைக்குப் போனோம். அங்க இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு "ஓடிபி போட்டு போயிருக்கும்மா, நீங்க குடுக்காம எப்படிப் போகும், ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்லிட்டார். அக்கா எழுந்துட்டாங்க. நான் உக்காந்தேன். ரிசர்வ் பேங்க் 2017 ஜூலைல ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கு, வாடிக்கையாளருக்குத் தெரியாம நடக்கற எலெக்ட்ரானிக் பரிவர்த்தனைக்கு யார் பொறுப்புங்கறதைப் பத்தி. அதுல என்ன இருக்குன்னா, தப்பு பேங்க் மேலயும் இல்ல வாடிக்கையாளர் மேலயும் இல்ல, நடுவுல யாரோ புகுந்துட்டாங்கன்னா, மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்ல. நாலுலேர்ந்து ஏழு நாள்னா ஒரு அளவு வரைக்கும்தான் நம்ம தலைல விழும், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அது 10,000, அடிப்படை சேமிப்புக் கணக்குக்கு 5,000. வாடிக்கையாளர் அஜாக்கிரதையால போச்சுன்னா சொல்ற வரைக்கும் போனது அவரோடது, சொன்னதுக்கு அப்புறம் போனா பேங்கோடது. அது யாரோட தப்புன்னு நிரூபிக்கற பொறுப்பு பேங்க் மேலதான் இருக்கு. கடைசி வரி ரொம்ப முக்கியம், கவுண்டர்ல யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க.

அக்கா விஷயம் கறுப்பு வெள்ளை இல்ல, ஒத்துக்கறேன். கார்டு விவரத்தை அவங்கதான் போட்டாங்க. ஆனா ஓடிபி-யை அவங்க யாருக்கும் குடுக்கல, ஒரு ஆப் அவங்களுக்குத் தெரியாம எடுத்துச்சு. இதைத் தமிழ்லயே ஒரு பக்கம் எழுதினோம், நேரம், தொகை, புகார் எண் எல்லாம் போட்டு, ரெண்டு காப்பி, ஒண்ணுல சீல் வெச்சு தேதி போட்டு வாங்கினோம். சீல் வெக்க ஒரு மணி நேரம் ஆச்சு, ஆனா வாங்காம எழுந்திருக்கல. வாயால சொல்லிட்டு வந்தா அது சொன்னதே இல்ல. 30 நாள்ல பேங்க் பதில் சொல்லலன்னாலும், சொன்ன பதில் சரியில்லன்னாலும் ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற அதிகாரி) போகலாம், காசு கிடையாது, வக்கீல் வேணாம், 14448-க்கு கூப்பிட்டா வழி சொல்லுவாங்க.

போலீஸ் பக்கம், தம்பி இருக்கறது அம்பத்தூர், அது 2022-லேர்ந்து ஆவடி கமிஷனரேட்ல வருது, நான் இருக்கற குரோம்பேட்டை தாம்பரம் கமிஷனரேட், அக்கா ஊர் காஞ்சிபுரம் மாவட்டம். ஒரே ஏமாத்து, மூணு எல்லை. "இது எங்க லிமிட் இல்ல"ன்னு ஒரு ஸ்டேஷன்ல சொன்னாங்க. 2024 ஜூலைல வந்த புது சட்டத்துல எந்த ஸ்டேஷன்லயும் புகார் எடுத்து, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பணும்னு எழுதியே இருக்கு, ஜீரோ எஃப்ஐஆர்னு சொல்லுவாங்க. அதைச் சண்டையா இல்லாம மரியாதையா எடுத்துச் சொன்னோம், அப்புறம் வேலை நடந்துச்சு. நிறுத்தி வெச்ச 11,500 இன்னும் தம்பி கைக்கு வரல, கோர்ட் ஆர்டர் வாங்கணும்னு அப்போ சொன்னாங்க, மனு போட்டிருக்கான். நிறுத்தினது ஒரே நாள், திரும்ப வர்றதுக்கு மாசக் கணக்கு, இதையும் தெரிஞ்சுட்டே போங்க, இல்லன்னா நடுவுல சலிச்சுப் போயிடும்.

அந்த 15,000 போன கணக்கு வேற மாநிலத்துல யாரோ ஒருத்தர் பேர்ல இருந்துச்சு. இப்படிப் பணம் விழற கணக்கெல்லாம் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த கணக்குதான். இதைச் சொல்றது ஏன்னா, நம்ம ஊர்லேர்ந்து சென்னைக்கு வேலை தேடி வந்த ரெண்டு பசங்ககிட்டயே "உன் பேர்ல கணக்கு தொறந்து, சிம் கார்டும் ஏடிஎம் கார்டும் குடு, மாசம் அஞ்சாயிரம்"னு கேட்டிருக்காங்க, இந்த விவகாரத்துக்கு அப்புறம்தான் அவங்களே வாயைத் தொறந்தாங்க. குடுத்தா போலீஸ் மொதல்ல வந்து நிக்கறது அந்தப் பையன் வீட்டு வாசல்லதான். தயவு செஞ்சு உங்க வீட்டுப் பசங்ககிட்ட இதை இன்னைக்கே பேசுங்க.

சங்கத்துக் கணக்குக்கு ஒண்ணும் ஆகல. பொருளாளர் போன் முழுக்க அவன் கையில இருந்தும் ஆகல. ஏன்னா அந்தக் கணக்குல போன் பேங்கிங் கிடையாது, காசோலைதான், ரெண்டு பேர் கையெழுத்து. போன வருஷம் நாங்க சென்னைப் பசங்க எல்லாம் சேர்ந்து "இன்னும் செக் புக்கா, யூபிஐ போடுங்க"ன்னு சண்டை போட்டோம், தலைவர் பெரியப்பா மாட்டவே மாட்டேன்னுட்டார். கணக்கு காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் சபைக்கு நிக்கக் கூடாதுன்னு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி பராந்தக சோழன் காலத்துலயே கல்லுல வெட்டி வெச்ச உத்திரமேரூர்க்காரங்கடா நாம, பொதுக் காசு ஒருத்தன் விரல்ல இருக்கக் கூடாதுன்னார். அன்னைக்கு எரிச்சலா இருந்துச்சு. இப்போ காய்கறி விக்கற காசுக்கு மட்டும் தனியா ஒரு சின்னக் கணக்கு யூபிஐ-யோட வெச்சிருக்கோம், வாரா வாரம் அதைக் காலி பண்ணி பெரிய கணக்குக்கு மாத்திடறோம்.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை கோயில் மண்டபத்துல கூட்டம். பேச்சு கம்மி, வேலைதான். சென்னைலேர்ந்து ஏழு பேர் போயிருந்தோம், ஆளுக்கு ஒரு பாய் போட்டு உக்காந்து வரிசையா போனை வாங்கிப் பார்த்தோம். 63 போன். அதுல 11-ல அந்த ஏபிகே டவுன்லோடு ஆகி இருந்துச்சு, நல்ல வேளை யாரும் தொறக்கல. ஒரு தாத்தா போன்ல அது இல்ல, ஆனா கரண்ட் பில்லுன்னு ஒண்ணு, கல்யாணப் பத்திரிகைன்னு ஒண்ணு, ரெண்டு வேற ஏபிகே இருந்துச்சு. பத்திரிகை போட்டோவா வரும், பிடிஎஃப்-ஆ வரும், ஏபிகே-யா வராது தாத்தான்னு சொன்னதும் "கடைசி மூணு எழுத்தைப் பார்க்கணும், அவ்வளவுதானே"ன்னார். நாங்க அரை மணி நேரம் சொல்ல நினைச்சதை அவர் ஒரே வரில சொல்லிட்டார், அதுக்கப்புறம் எல்லா பாய்லயும் அதையேதான் சொன்னோம்.

ஒவ்வொரு போன்லயும் வாட்ஸ்அப்ல செட்டிங்ஸ், அக்கவுண்ட், அதுல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஆறு இலக்க பின் வெச்சோம். இது இருந்திருந்தா அண்ணாவோட ஓடிபி-யைத் திருடியும் அவன் வாட்ஸ்அப்புக்குள்ள போயிருக்க முடியாது, குரூப்புக்கு அந்த மெசேஜே வந்திருக்காது. வெளிய தள்ளிட்டாங்கன்னா பயப்பட வேணாம், போனைச் சுத்தம் பண்ணிட்டு நம்ம நம்பரைப் போட்டு மறுபடி உள்ள வந்தா அவன் வெளிய போயிடுவான், அவன் பின் வெச்சிருந்தா மட்டும் நாம ஏழு நாள் காத்திருக்கணும், அந்த ஏழு நாளும் அவனாலயும் உள்ள வர முடியாது. ##002# போட்டு கால் ஃபார்வர்டிங் எதாவது இருந்தா அதையும் எடுத்து விட்டோம்.

பிஎம் கிசானுக்கு கேஒய்சி நிஜமாவே பண்ணணும்னா அதோட அரசாங்க வெப்சைட்ல பண்ணலாம், ப்ளே ஸ்டோர்ல இருக்கற ஆப்ல முகத்தைக் காட்டிப் பண்ணலாம், இல்ல இ-சேவை மையத்துல ரேகை வெக்கலாம். சந்தேகம்னா 155261. தவணை ஆதார் சேர்த்த கணக்குக்குத் தானா வர்றது, அதுக்கு யாருக்கும் உங்க ஏடிஎம் கார்டு நம்பர் எதுக்கு? இந்தக் கேள்வியை ஒரு பெரியம்மா கூட்டத்துல எழுந்து கேட்டாங்க, நான் கேக்கல. பாங்க்ல காசு போடறவனுக்கு எதுக்குடா என் கார்டுன்னு. மண்டபமே அமைதி ஆயிடுச்சு.

பொருளாளர் அண்ணா அன்னைக்கு எழுந்து நின்னு ராஜினாமா பண்றேன்னார். யாரும் ஒத்துக்கல. அக்காதான் மொதல்ல "நீ உக்காருண்ணா"ன்னாங்க.

மாட்டுக்கு வேற வழி பார்த்தாச்சு. குழுவுல ஆறு மாசம் தவணையைத் தள்ளி வெச்சாங்க, சங்கத்துலேர்ந்து வட்டியில்லாம கொஞ்சம் குடுத்தோம், மாட்டுக்காரரும் பாதி காசுக்கு ஒத்துக்கிட்டு மீதியைப் பாலை ஊத்தி அடைக்கச் சொல்லிட்டார். பேங்க்லேர்ந்து வந்த பதில், நாங்க பொறுப்பில்லன்னு ஒத்த வரி. அதை வெச்சு ஆம்பட்ஸ்மேனுக்கு அனுப்பியாச்சு, எண் வந்திருக்கு, முடிவு வரல.

மூணு வாரம் கழிச்சு இன்னொரு கூத்து, கூத்துன்னா கொடுமை. எங்க நம்பர் லிஸ்ட் எல்லாம் அவன்கிட்ட போயிடுச்சே, அக்காவுக்கு ஒரு கால். "சைபர் கிரைம் ஆபீஸ்லேர்ந்து பேசறோம், சென்னை, உங்க 47,899 ரூபாய் மீட்டாச்சு, ரிலீஸ் பண்ண 1,500 கட்டணும்". தொகையைக் கரெக்டா சொல்றான். பணம் போனவங்களையே மறுபடி தேடி வர்றது இவனுங்களோட வாடிக்கை, ஏக்கத்துல இருக்கறவங்க எதையும் கட்டுவாங்கன்னு தெரியும். நான் அப்போ தாம்பரம் பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டு இருந்தேன், சங்கத்து வேன் வர்ற நேரம். குரூப்ல ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு, அக்கா குரல்.

"எல்லாரும் கேளுங்க, இப்பதான் எனக்கு ஒருத்தன் போன் பண்ணான், நாலு நிமிஷம் ஆச்சு. போன காசு வரும்னு சொன்னதும் எனக்கு ஒரு நிமிஷம் ஆசையாத்தான் இருந்துச்சு. நம்பர் கீழ போட்டிருக்கேன், 1930-க்கும் நானே சொல்லிட்டேன். உங்களுக்கும் வந்திருந்தா, கட்டிட்டிருந்தாலும் பரவாயில்ல, எனக்குக் கூப்பிடுங்க, நான் வீட்டுலதான் இருக்கேன்."

பத்து நிமிஷத்துல ரெண்டு பேர் அவங்களுக்குக் கூப்பிட்டிருக்காங்க. அதுல ஒருத்தர் 1,500 கட்டி முடிச்சு முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்துச்சு.